ட்ரான்சிற் அண்ணை நேரே போன கதை

பூமியில் எந்த ஊருக்கும் எப்படிப் போவது என்று தெரிந்த ஒரே மனிதர், லண்டன் இல்ஃபோர்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடிப் பின்னறையில்தான் இருந்தார். எட்டு வருடமாக அவர் எந்த ஊருக்கும் போகவில்லை என்பது வேறு விஷயம்.

அவருடைய சொந்தப் பெயர் கவுன்சில் அனுப்பும் கடித உறைகளில் மட்டும்தான் வரும். எங்களுக்கு அவர் ட்ரான்சிற் அண்ணை. கொழும்பிலிருந்து லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலத்தில் பறந்து வருகிறவர்கள் உண்டு. அண்ணை மூன்றரை மாதத்தில் வந்தவர். கராச்சியில் ஒரு வாரம், மொஸ்கோவில் இரண்டு வாரம், கிழக்கு பெர்லினில் ஒரு தொழிற்சாலை ஹொஸ்டல், பிறகு பெயர் தெரியாத நாட்டில் பெயர் தெரியாத ஒருவருடைய கோழிப்பண்ணை. இப்படி இடைவழியில் தங்கின எந்த நாட்டின் கதையைத் தொடங்கினாலும் "ட்ரான்சிற்றில நிக்கேக்க" என்றுதான் தொடங்குவார். பெயர் வைக்க நாங்கள் அதிகம் கஷ்டப்படவில்லை.

அவரோடு கொழும்பில் வெளிக்கிட்ட இரண்டு நண்பர்கள் நேரே ஹீத்ரோவுக்குப் பறந்தார்கள். வந்த பிளேனிலேயே திருப்பி ஏற்றப்பட்டார்கள். சுற்றி வந்த அண்ணை மட்டும் உள்ளே வந்தார். அன்றைக்கு அவர் ஒரு முடிவெடுத்தார்.

"தம்பி, எழுதி வச்சுக்கொள். நேர போறவன் பிடிபடுவான்."

இதை அவர் அகதிப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. முனையிலிருக்கும் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் ஒரு தெருவால் போய் வேறு தெருவால் வருவார். ஒருமுறை ஹரோவில் ஒரு கல்யாணம். இல்ஃபோர்டிலிருந்து ஹரோவுக்கு லண்டனைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். அண்ணை எங்கள் நான்கு பேரையும் லண்டனின் தெற்கு மூலையிலிருக்கும் சட்டன் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். லண்டன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பக்கத்து வீட்டுக்குப் போகப் பஸ் பிடிப்பது போல.

சட்டன் ஸ்டேஷனில் பட்டு வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நான் கேட்டேன்: "ஏன் அண்ணை இஞ்சால வந்தனாங்கள்?"

"இதால வருவம் எண்டு ஒருத்தனும் எதிர்பாக்கமாட்டான்."

"ஆர் அண்ணை எங்களை எதிர்பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்?"

அண்ணை பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஒருத்தருமில்லை. பாத்தியே, வழி வேலை செய்யுது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணவறையைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் எங்கள் கையில் ஒரு பை வடையைத் தந்து வாசலாலேயே அனுப்பிவிட்டார்.

நான் மட்டும் என்ன பெரிய ஆளா? அப்போது பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் உடைந்த பிஸ்கட் பொறுக்குவது என் வேலை. ஊருக்கு எழுதும் கடிதங்களில் அதைத் 'தரக் கட்டுப்பாட்டு அதிகாரி' என்று குறிப்பிடுவேன். பொறுக்கியதில் பாதியைத் தின்றுவிடுவேன் என்பதைக் குறிப்பிடுவதில்லை. நாள் முழுவதும் வாய் பிஸ்கட்டோடு இருப்பதால், வீட்டுக்கு வந்ததும் அதற்கு வேறு வேலை வேண்டும். அந்த வேலை பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைப்பது. அதற்குக் கைக்கெட்டிய பொருள் ட்ரான்சிற் அண்ணை.

அண்ணைக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே உறவு அவருடைய அக்கா. அமெரிக்காவில், பீனிக்ஸ் என்ற ஊரில் இருந்தா. சுற்றிவர மணலும் கள்ளியும். வருடத்தில் முக்கால்வாசி நாளும் வெயில் கொளுத்துகிற பாலைவன நகரம். அத்தானுக்கு அங்கே எஞ்சினியர் வேலை. அக்கா நாட்டை விட்டுப் போனபோது அண்ணைக்குப் பத்தொன்பது வயது, தலை நிறையச் சுருட்டை முடி. அதற்குப் பிறகு இருவரும் நேரில் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரம், அங்கே விடிகிற நேரம், அக்காவின் டெலிபோன் வரும். அண்ணை பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் என்றால் நான் எடுப்பேன்.

"தம்பி, அவன் வெளிக்கிட்டானோ?"

"வழி பாத்துக்கொண்டிருக்கிறார் அக்கா."

"எனக்கு வழி வேண்டாமப்பா. அவன் வந்தால் காணும்."

வழி பார்த்தது உண்மை. அறையில் கட்டிலைத் தவிர எல்லா இடமும் விமான, ரயில், பஸ் நேர அட்டவணைகள். இஸ்திரி போடும் பலகையில் அமெரிக்க வரைபடம். அதனால் அண்ணையின் சட்டைகள் என்றைக்கும் கசங்கியே இருந்தன. நியூயோர்க்கில் இறங்கி நான்கு நாள் ரயிலில் போவது ஒரு வழி. டொரொன்டோவில் இறங்கி, ஒன்றுவிட்ட தம்பியின் காரில் எல்லை கடந்து, பிறகு மூன்று பஸ் மாறுவது இன்னொன்று. அவருக்கு மிகவும் பிடித்தது லொஸ் ஏஞ்சலஸ் வழி. அங்கிருந்து பாலைவனத்துக்கு நடுவால் பஸ்.

"பஸ்ஸில இடப்பக்கச் சீட்டில இருக்கவேணும். வலப்பக்கம் முழுக்க வெயில்" என்பார், நேற்றுத்தான் போய் வந்தவர் போல.

ஆரம்பத்தில் இதற்கு நியாயம் இருந்தது. அகதிப் பயணப் பத்திரத்தோடு ஒரு நாட்டைத் தாண்டுவதற்கே விசா வேண்டும். பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தது. அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தை மூன்று பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்தார். இனி அவர் நேரே போகலாம். அந்தச் செய்தி அவருடைய கால்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு இருந்த சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, கண்ணுக்கு ஏறியது. ஒரு ஞாயிறு சொன்னா: "பேப்பர் எழுத்துத் தெரியுதில்லை." நாலைந்து மாதம் கழித்து: "முகங்கள் தெரியுது தம்பி, கிட்ட வந்தால். இருட்ட முந்தி அவன்ர முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். அவனிட்டச் சொல்லு."

நான் சொன்னேன். அண்ணை வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பேப்பரில் விளம்பரம் வந்தது: லண்டனிலிருந்து பீனிக்ஸுக்கு நேரடி விமானம். வெட்டிக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அண்ணை அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தார். பின்பக்கத்தில் சோபா விளம்பரம்.

"ஏன் திடீரெண்டு நேர விடுறாங்கள்?"

"சனம் போகத்தான் அண்ணை."

"நேர விட்டால் எல்லாரையும் ஒரு வாசல்ல வச்சுப் பிடிக்கலாம், தெரியுமோ?"

"பிடிச்சு? உங்கட பாஸ்போர்ட்டப் பாத்து சல்யூட் அடிப்பான்."

மூன்று வாரம் யோசித்தார். நாலாவது வாரம் போய் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "நேரதான்." வீடே கைதட்டியது. அக்கா டெலிபோனில் அழுதா.

இந்த இடத்தோடு நான் வாயை மூடியிருக்கவேண்டும். தேவையானபோது எனக்கு ஒரு பிஸ்கட்கூட அகப்படவில்லை.

அந்த ஞாயிறு எல்லோரும் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் முகத்தை மிகவும் சீரியஸாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணை, ஜூனில அங்க வெயிலுக்கு ரன்வேத் தார் உருகுமாம். போன வருஷம் ஒரு பிளேன் இறங்கி அப்பிடியே ஒட்டிப்போச்சாம். தோசைக்கல்லில ஒட்டின தோசை மாதிரிச் சுரண்டித்தான் எடுத்தவங்களாம்."

சிரித்ததில் ஒருவனுக்குப் புரைக்கேறியது. அண்ணை சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் டிக்கெட்டை ஒக்டோபருக்கு மாற்றிவிட்டார். அதுவும் லொஸ் ஏஞ்சலஸ் வழியாக. "பஸ் ஒட்டினாலும் இறங்கி நடக்கலாம்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தக் கதையை மூன்று பிறந்தநாள் விழாக்களில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். மூன்றாவது விழாவில் பிளேனைச் சுரண்டும் அகப்பையைக்கூட நடித்துக் காட்டினேன்.

ஓகஸ்ட் முதல் ஞாயிறு. அண்ணை மேலே அட்டவணைகளோடு இருந்ததால் டெலிபோனை நான்தான் எடுத்தேன்.

"தம்பி, இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது" என்றா அக்கா. குறை சொல்கிற குரல் அல்ல. இன்றைக்கு மழை என்று சொல்கிற குரல். "அவனுக்குச் சொல்லாதை. அந்தரப்படுவான்."

மேலே போனேன். அண்ணை இஸ்திரிப் பலகைக்கு முன்னால் பஸ் அட்டவணையோடு இருந்தார். அக்கா சொன்னதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"அண்ணை, தார் உருகிற கதை பகிடி. நானாக் கட்டினது."

"என்ன?"

"பொய் அண்ணை."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அட்டவணையை மடித்து வைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார்.

"நேர போறது எத்தினை மணிக்கு?"

இரண்டு நாள் கழித்து விமானம். ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே எயார்போர்ட்டில் நின்றோம். இல்ஃபோர்டிலிருந்து அங்கேயும் நேரேதான் போனோம். சட்டன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழுக்கைத் தலைக்குப் புதுத் தொப்பி ஒன்று. வாழ்க்கையில் முதல் தடவையாக இஸ்திரி போட்ட சட்டை.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். குசினியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவரே சொன்னார்.

"கார் பார்க்கில குனிஞ்சு தாரில கையை வச்சுப் பாத்தனான். நல்ல சூடு. ஒட்டேல்லை."

அதற்கு மேல் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகு ஒருநாளும் பேசவில்லை.

"அக்கா?"

"ரண்டு கையாலயும் முகத்தைத் தடவித் தடவிப் பாத்தா. மூக்கு அப்பாவின்ர மூக்கு எண்டா. தொப்பியைக் கழட்ட வந்தா, நான் விடேல்லை." தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அவவுக்கு நான் இன்னும் சுருட்டை முடிக்காரன். அதுவும் நல்லதுக்குத்தான்."

நல்லதுக்கு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஜூனில் போயிருந்தால் வழுக்கையைக் கண்டு அக்கா தலையில் கைவைத்துச் சிரித்திருப்பா. அந்தச் சிரிப்பை நான் மூன்று பிறந்தநாள் விழாக்களில் செலவழித்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு டெலிபோன் அடித்தது. அண்ணை ஷிப்டில். எடுக்காமல் விடலாமா என்று யோசித்து, எடுத்தேன்.

"தம்பி, நீதானே அவனை நேர அனுப்பினது? ஒக்டோபர் வரைக்கும் இருந்திருப்பானாம், நீ சொல்லித்தான் வெளிக்கிட்டவனாம். உன்னைப்பற்றித்தான் முழுக்கக் கதைச்சவன். நல்லாயிரு ராசா."

ரிசீவரை வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். 

உன்னை மன்னித்துவிட்டேன் என்று ட்ரான்சிற் அண்ணை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே வீட்டில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு, அதை அவர் பீனிக்ஸ் வரைக்கும் கொண்டுபோய், அக்காவின் கையில் கொடுத்து, அங்கிருந்து எனக்கு அனுப்பிவைத்திருந்தார்.