போனுக்குள் இருந்த குட்டிக்கு ஒப்பாரி சொன்ன கதை

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. (மற்ற இரண்டும் தங்கையின் பிள்ளைகள். பிரித்து எண்ணினால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். அதனால் ஏழு என்றே இருக்கட்டும்.) படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு வயதும் இவ்வளவு பிள்ளை வளர்த்த அனுபவமும் இருந்தால் கூடவே புத்தியும் இருக்கும் என்று நம்புகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் எங்கள் எழுவைதீவு சின்ன ஊர். இந்தக் கரையில் ஒருவர் தும்மினால் அந்தக் கரையில் மல்லித்தண்ணி அவிப்பார்கள். இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. செத்தவீட்டில் என்னைப் போல் ஒப்பாரி சொல்லி அழ ஆளில்லை. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. (ஊர் மறந்துபோகிற நாட்களில் நான் சொல்வேன்.) வாழ்நாள் முழுவதும் வாய் திறக்காத ஒரு மனிதரை நான் ‘பேச்சிலே தேன் வடித்த ராசா’ என்று பாடப்போக, அவருடைய பெண்சாதி அழுகையை நிறுத்தி என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். அவ்வளவு திறமை.

எனக்குப் போட்டி என்றால் மூன்று வீடு தள்ளி இருக்கும் பொன்னம்மா அக்கா ஒருத்திதான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அந்த இரண்டு வயதை ஊர் மறக்கக்கூடாது என்பதற்காகவே நான் அவளை எப்போதும் அக்கா என்று சத்தமாகக் கூப்பிடுவேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். என் மூத்த மகளின் மகள் அபிஷா. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் சனசமூக நிலையத்துக்கு, சுவிசில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சுவரில் படம் காட்டும் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார்கள். நிலையத்தின் செயலாளர் கனகு மாஸ்ரர் அதை வெகு பத்திரமாகப் பாதுகாத்தார். எவ்வளவு பத்திரம் என்றால், அலுமாரியில் வைத்துப் பூட்டியவர் ஒரு வருடமாகத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் வரும் போயா விடுமுறைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அதில் படம் போடவேண்டும் என்று அபிஷாவுக்கு ஆசை. நாலு தரம் போய்க் கேட்டாள். நாலு தரமும், பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்றார் மாஸ்ரர். ஐந்தாம் தரம் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒரே ஒரு படம் போட்டுப் பார்க்கலாம். ஊருக்குத் தொந்தரவு இல்லாமல் முடிந்தால் போயாவுக்குப் போயா படம். தொந்தரவு வந்தால் பெட்டி அலுமாரிக்குள் போகும், பிறகு ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது. பொறுப்பான பெரிய ஆள் ஒருவரும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அந்தப் பொறுப்பான ஆள் நான்தான். (அன்று பின்னேரம் ஊரில் வேலை இல்லாமல் இருந்த ஒரே ஆள் நான் என்று பிறகுதான் தெரிந்தது.)

அபிஷா மட்டையை வெட்டி, படம் கீறி, வீடு வீடாகப் படம் பார்க்க ரிக்கற் கொடுத்தாள். அந்த ஒரு படத்துக்கு மட்டுமல்ல, வரப்போகும் பன்னிரண்டு போயாவுக்கும் கீறி அடுக்கி வைத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

அன்று மாஸ்ரர் பெட்டியை ஒப்படைக்கும்போது, “நாகம்மா அக்கா, பிள்ளையள் சத்தம் போடாமல் பாருங்கோ” என்றார்.

“ஏழு வளர்த்தனான் மாஸ்ரர். எனக்கு முன்னாலை ஒரு ஈயும் சத்தம் போடாது” என்றேன்.

(ஈ சத்தம் போடவில்லை. அது உண்மை.)

யன்னல்களை ஆம்பிளைகள் உடுக்கும் சாரத்தாலும் பழைய சேலைகளாலும் மூடினோம். முப்பது பிள்ளைகள் பாயில் இருந்தார்கள். நான் முன்னால் ஒரு கதிரையில், கையில் பூவரசம் கம்போடு.

படம் இங்கிலிசில். அபிஷா என் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பட்டணத்தில் கொஞ்சப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மிருகமாம். மிருகத்துக்குக் குடியிருப்பு போனுக்குள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கு ஒரு கொட்டில் போட மூன்று வருடம் ஆனது. அங்கே போனைத் திறந்தால் கொம்போடு வெளியே குதிக்கிறது. கதையில் வரும் சின்னப் பெட்டைப்பிள்ளைக்குக் கிடைத்தது ஆட்டுக்குட்டி மாதிரி ஒன்று. ஆனால் பின்பக்கம் மீன் வால். கொம்பு நுனியில் ஒரு வெளிச்சம். பிள்ளை பயந்தால் அது மாடளவு பெருக்கும், பயம் தெளிந்தால் பழையபடி குட்டியாகும்.

இதற்கு என்ன தீன் போடுகிறார்கள் என்று கேட்டேன். தீன் கிடையாதாம், பிள்ளை வைக்கிற அன்புதானாம். நல்ல மலிவு என்று சொன்னேன். இப்படி முதல் அரை மணித்தியாலமும் நான் நக்கல் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். தின்னக் குழையும் வேண்டாத, புழுக்கையும் போடாத சீவன் என்ன சீவன்?

பிறகு ஒரு இடம். அந்தப் பெட்டைக்குக் காய்ச்சல். தாய் அறைக் கதவைப் பூட்டிவிட்டாள். குட்டி கதவுக்கு வெளியே வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தது. விடிந்தும் எழும்பவில்லை. எனக்குச் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் வீட்டு வெள்ளாடு அப்படித்தான் வாசலில் கிடந்தது. நான் கம்பை எப்போது கீழே போட்டேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியில் ஒரு பெரிய புழு வந்தது. ஊரின் கரண்ட் முழுவதையும் குடிக்கிற புழு. அது பிள்ளைகள் மேல் பாய, குட்டி குறுக்கே போய் நின்று அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. விழுந்தது. கொம்பிலே இருந்த வெளிச்சம் அணைந்தது. பெட்டை அதை மடியில் போட்டுக்கொண்டு கூப்பிடுகிறாள், அது அசையவில்லை.

முப்பது பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். அவர்களை அமர்த்தச் சொல்லி அபிஷா என் கையைத் தட்டினாள். அமர்த்தத்தான் போனேன். ஆனால் அவர்கள் அழுத விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று மூக்கை உறிஞ்சியது. ஒன்று விக்கியது. ஒன்று தேவையில்லாமல் தன் அக்காவைக் கடித்தது. பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்த சீவனுக்கு இதுதானா மரியாதை? அழுகைக்கும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? இந்தத் தீவில் அதை ஒழுங்காகச் செய்யக்கூடிய ஒருத்தி கதிரையில் சும்மா இருக்கிறாளே?

எழும்பினேன். கொண்டையை அவிழ்த்தேன். நெஞ்சில் அடித்தேன்.

கொம்பிலே விளக்கேத்திக் கூட வந்த என் செல்வமே,
அம்பெல்லாம் நெஞ்சிலேந்தி அரண் நிண்ட என் செல்வமே,
வாலாலை கடல் அளந்து வழி காட்டின ராசாவே,
ஆளாகாப் பிள்ளையளை ஆரிட்டை விட்டுப் போனாய்?

பிள்ளைகள் பயத்தில் அழுகையை நிறுத்திவிட்டார்கள். (ஆக, மாஸ்ரர் சொன்னபடி அவர்களை அமர்த்தியாயிற்று.) அபிஷா என்ன செய்வதென்று தெரியாமல் படத்தை அப்படியே நிறுத்தி வைத்தாள். சுவர் முழுக்க, கண் மூடிய குட்டி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் நல்லாய் வந்தது.

சாரம் வெளிச்சத்தை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. மீன் வெட்டிக்கொண்டிருந்த பொன்னம்மா அக்கா கத்தியைப் போட்டுவிட்டு, வழியிலேயே கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டுக்கு வந்து ‘ஆர் செத்தது’ என்று கேட்பவளை எங்கள் ஊரில் ஒரு மனிசியாகவே மதிக்கமாட்டார்கள். முதலில் கட்டிப்பிடித்து அழவேண்டும். செத்தது யார் என்பது ஒப்பாரியில் தானாக வரும். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தலாம் என்றுதான் வாயை மூடினேன். ஆனால் அவள் என்னைவிட ஒரு பிடி உயரத்தில் எடுத்துவிட்டாள். பிறகு எப்படி நிறுத்துவது?

யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் கிடந்த என் தம்பிதான் போய்விட்டான் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவன் வள்ளக்காரன், விளக்கு, கடல், வழி எல்லாம் பொருந்திவிட்டன. ‘ஊசி மருந்துக்கும் உயிர் தங்கேல்லையே’ என்று பாடினாள். செத்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அழுகிறாளே என்று எனக்குள் ஒரு சின்னச் சந்தோசம்.

கால் மணித்தியாலத்தில் இருபது பெண்கள் சுவரைப் பார்த்து அழுதார்கள். ஆண்கள் வெளியே பூவரசுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் கடையைச் சாத்தினார். ஊருக்குள் பிரேதம் கிடந்தால் கோயிலில் பூசை நடக்காது. ஐயர் கோயிலைப் பூட்டிவிட்டார். ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டிய வள்ளம் துறையிலேயே நின்றது.

அப்போதுதான் கனகு மாஸ்ரர் வெள்ளை வேட்டி சட்டையோடு வந்தார். கையில் ஒரு தாள். ஒலிபெருக்கியில் வாசிக்க மரண அறிவித்தல். எழுத்து தெரிந்தவர் அல்லவா, எல்லாவற்றையும் எழுதி ஓர் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார்.

“நாகம்மா அக்கா, பேரை மட்டும் சொல்லுங்கோ. மிச்சம் எழுதிப்போட்டன்.”

சத்தம் நின்றது. பொன்னம்மா அக்கா கூட என் தோளிலிருந்து தலையை எடுத்துக் காதைக் கொடுத்தாள். ஏழு பிள்ளைகளுக்கும் பதினொரு பேரப்பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தவள் நான். அந்த நேரம் ஒரு பெயரும் வரவில்லை. கையை நீட்டிச் சுவரைக் காட்டினேன்.

மாஸ்ரர் கொம்பைப் பார்த்தார். பிறகு மீன் வாலைப் பார்த்தார். தாளை நாலாக மடித்தார்.

“செத்தது இதுவோ?”

“ஓம்.”

“நான் மீனைப் பூனைக்கு விட்டிட்டு வந்தனான்” என்றாள் பொன்னம்மா அக்கா.

மாஸ்ரர் வயரைப் பிடுங்கினார். “சத்தம் போடக்கூடாதெண்டு பிள்ளையளுக்குச் சொன்னனான். ஆருக்குச் சொல்ல வேணுமெண்டு தெரியாமல் போச்சு. பிழை என்னிலைதான்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளியே வேறு ஒரு விவாதம். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் முழுகாமல் வீட்டுக்குள் போகலாமா? போனுக்குள் இருக்கிற மிருகத்தின் சாவுக்குத் துடக்கு, தீட்டு உண்டா? ஐயருக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாதி ஊர் அன்று கிணற்றடியில் நின்றது.

அபிஷா எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். வீட்டு வாசல் படலையடியில்தான் நின்றாள்.

“அது சாகேல்லை, அம்மம்மா.”

“என்ன?”

“இன்னும் எட்டு நிமிசத்திலை எழும்பும். பொறுத்திருந்தால் பாத்திருப்பியள்.”

உள்ளே போய், கீறி வைத்த பன்னிரண்டு கட்டு மட்டைகளையும் எடுத்து அடுப்படியில் விறகோடு வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. நான் அந்த மட்டைகளை எடுத்து என் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

காலையில் மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். பிழை என்னுடையது, பிள்ளையைத் தண்டிக்கவேண்டாம் என்று கேட்டேன். (ஆம், நான்தான். கேட்டேன்.) ஊர் கேட்டால் பார்க்கலாம் என்றார். ஊர் கேட்காது என்ற துணிவு.

திரும்பும் வழியில் பொன்னம்மா அக்கா மறித்தாள். என்னோடு கதைக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கோ வேறு கவலை. அந்தச் சீவன் எப்படிச் செத்தது, அந்தப் பெட்டை ஆர், தாய் தகப்பன் இல்லையா? இவ்வளவு நேரம் அழுதவளுக்கு அதையாவது தெரிந்துகொள்ள உரிமை இல்லையா என்றாள்.

“அது சாகேல்லையாம், அக்கா” என்றேன்.

இடுப்பில் கையை வைத்தாள். “அப்ப நான் அழுதது?”

“அதைப் படம் பாத்தால்தான் தெரியும். பெட்டி மாஸ்ரற்றை அலுமாரிக்கை கிடக்கு.”

(இதை நான் வேண்டுமென்றே சொன்னதாக அபிஷா நினைக்கிறாள். நினைக்கட்டும்.)

மத்தியானம் மாஸ்ரர் வாசலில் இருபது பெண்கள். ஒருத்திக்குச் சோறு அடிப்பிடித்தது, ஒருத்திக்குப் பால் பொங்கி வழிந்தது, பொன்னம்மா அக்காவுக்கு மீன் போனது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: நாங்கள் அழுத ஆளை எங்களுக்குக் காட்டாமல் அலுமாரிக்குள் வைத்திருப்பது என்ன நியாயம்? எழுத்து தெரிந்தவர் அல்லவா, படம் உண்டு என்று ஒரு தாளில் எழுதி நிலையத்துக் கதவில் ஒட்டினார்.

அடுத்த போயாவுக்கு மண்டபம் கொள்ளாத சனம். அபிஷா கீறிய ரிக்கற் இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடவில்லை. மாஸ்ரரும் மட்டையைக் காட்டித்தான் வந்தார். என்னைப் பின்வரிசையில், இரண்டு பக்கமும் இரண்டு பெண்களுக்கு நடுவே இருத்தினார்கள். குட்டி விழுந்தது. கொம்பு இருண்டது. ஊர் முழுவதும் சுவரை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருந்தேன். எட்டு நிமிடம். ஐந்து பிள்ளைப்பேறும் அவ்வளவு நீளமாக இருக்கவில்லை.

கொம்பு நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. குட்டி கண்ணைத் திறந்தது. பிள்ளைகள் துள்ள, பொன்னம்மா அக்கா எழும்பி நின்று சபைக்குச் சொன்னாள்:

“நானும் நாகம்மாவும் அழுத அழுகைக்கு அது எழும்பாமல் என்ன செய்யும்?”

இது நடந்து இரண்டு வருடமாகிறது. போயாவுக்குப் போயா படம் நடக்கிறது. மாஸ்ரர் முன்வரிசையில் இருக்கிறார், எல்லாரையும்விட அவர்தான் கூடச் சத்தம். ஒவ்வொரு படமும் தொடங்குமுன் அபிஷா எழும்பி, இந்தப் படத்தில் ஆர் ஆர் சாவார்கள், சாகிறவர்களில் ஆர் ஆர் திரும்பி எழும்புவார்கள் என்று அறிவிக்கவேண்டும். அது நிலையத்தின் சட்டம். சட்டத்தில் என் பெயர் இல்லை, ஆனால் அறிவிக்கும்போது எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். கனடாவிலிருக்கும் மகன் இப்போதும் போன் எடுத்து, “அம்மா, என்ர போன் சாகப்போகுது, சார்ச் இல்லை. ரெண்டு வரி அழுது விடுங்கோ” என்கிறான். பெற்றது ஐந்து என்று சொன்னேனே, அதில் ஒன்று இது.

அபிஷா, இங்கே வா பிள்ளை. நான் எழுதினதை எனக்கே வாசிக்க ஏலாது. நீ முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். சிரிக்காமல் வாசி. ஒப்பாரி வருகிற இடத்தை மட்டும் மனதுக்குள்ளே வாசி. பொன்னம்மா அக்கா வீட்டு யன்னல் திறந்திருக்கிறது.