வான்கோழி அண்ணனின் பதினொரு முட்டைகள்

பினாங்குத் தீவிலேயே முட்டைக்கு எழுந்து நின்று மரியாதை செய்கிற ஒரே மனிதர் எங்கள் வான்கோழி அண்ணன்தான். கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில், வீட்டுக்குப் பின்னால், வெண்கல நிறத்துப் பழைய இன வான்கோழிகளை வளர்த்தார். விற்கமாட்டார். கிறிஸ்மஸ் நெருங்கும்போது யாராவது வாய்தவறி, “ஒன்னு எவ்ளோண்ணே?” என்று கேட்டுவிட்டால் போச்சு.

“உன் மூத்த மகன் எவ்ளோ? அதச் சொல்லு மொதல்ல!”

அப்படிப்பட்டவரின் கடைசிப் பெட்டையை ஒரு மலைப்பாம்பு விழுங்கிவிட்டது. மிச்சம், அது இட்டிருந்த பதினொரு முட்டைகள். பொரிக்க இருபத்தெட்டு நாள் ஆகும். இருபத்தைந்தாம் நாள் காலையில், அவற்றைச் சூடாக வைத்திருந்த இன்குபேட்டர் உயிரை விட்டது. முட்டைகள் ஆறிப்போனால் அந்த இனம் அவர் கொட்டகையில் அன்றோடு முடிந்தது. லீவும் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் குலுங்குமே என்று, துண்டில் சுற்றி, பஸ்ஸும் ஃபெரியும் பிடித்து அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

வந்ததும் ஏர்கோனை நிறுத்தினார். பிறகு எங்கள் உள்ளங்கைகளில் ஆளுக்கு ஒன்றிரண்டாக வைத்தார்.

“ஆட்டாம பிடிங்க லா. உள்ள ஆள் இருக்கு!”

“டைப் பண்றது எப்படிண்ணே?” என்றேன்.

“ஒரு கையால பண்ணு தம்பி. இன்னொரு கைக்குப் புள்ள இருக்குல்ல?”

வியர்வையைத் துடைத்துக்கொண்டே மேனேஜர் அம்மா வந்தார். அவர் இருமினாலே நாங்கள் நடுங்குவோம்.

“என்ன இது? ஆபீஸா, பாசாரா?”

“மேடம், உங்க கை நல்லா சூடா இருக்குமே,” என்று அண்ணன் ஒரு முட்டையை நீட்டினார். அம்மா என்ன நினைத்தாரோ, வாங்கிக்கொண்டார். அன்று முழுக்க போனைத் தோளில் இடுக்கித்தான் பேசினார்.

அண்ணன் குண்டு பல்பு தேடி லிட்டில் இந்தியாவுக்கு ஓடினார். முதல் கடையிலேயே சண்டை.

“இப்ப எல்லாம் எல்.இ.டி. லா அண்ணே. சூடே ஆகாது.”

“சூடாகாத பல்ப வெச்சு நான் என்ன செய்யறது? கோழிக்குப் பேப்பர் படிச்சுக் காட்டவா?”

ஏழு கடை ஏறி இறங்கி, சாயங்காலம் ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு பல்பு பிடித்தார். முட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் குஞ்சு பார்க்கக் கூப்பிட்டார்.

கொட்டகையில் பல்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் கீச்சிட்டன. நெற்றியில் கறுப்புப் பொட்டு வைத்த ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். “இந்தா, உன் புள்ள.” எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் மேனேஜர் அம்மா வந்து, “என்னோடது எது?” என்று ஆசையாகக் கேட்டார். அண்ணன் என் கையைப் பார்த்தார். “அதோ, பொட்டு வெச்சிருக்கே, அதான் மேடம்.”

அப்போதுதான் எண்ணினேன். பதினொன்றில் ஒன்பதுதான் பொரித்திருந்தன. அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. என் பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்தேன்.