வேதாந்தம் ஐயங்கார் காருக்கு மூச்சு வந்த விதம்

திருப்பதி,
13-9-1955

மகா கனம் பொருந்திய நைனா அவர்களுக்கு, மகன் சிட்டிபாபு கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் பத்து விரல்களும் சேதமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் அம்மாவும் சினைமாடும் அப்படியே இருக்க ஏழுமலையான் பார்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து என்னை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம். நம்ம ஊர் ஆந்திராவா மெட்ராஸா என்று முதலில் சர்க்கார் முடிவு பண்ணட்டும்; எந்த பாஷையில் ஃபெயிலாவது என்று தெரியாமல் நான் எப்படிப் படிப்பது? அதோடு நேற்றிலிருந்து இந்த மோட்டார் ஷெட்டில் நான் பெரிய ஆள். எப்படியென்று கேளுங்கள்.

கோயில் தெரு வேதாந்தம் ஐயங்காரின் கார் நாலு நாளாக வீட்டு வாசலை விட்டு நகரவில்லை. ஸ்டார்ட் ஆகும், நாலு தடவை முக்கும், செத்துப்போகும். எங்கள் மேஸ்திரி வரதராஜன் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், பெட்ரோலை வடிகட்டினார், கடைசியில் இன்ஜினையே பிரிக்கணும் என்றார். நான் பின்னால் போய்ப் புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்தேன். இன்ஜின் முக்குகிறது, கையில் காற்றே படவில்லை.

"மேஸ்திரி, வண்டிக்கு மூச்சு வெளிய வரல. சைலன்சர் அடைச்சிக்கினு கீது."

"எட்டாவது ஃபெயிலு, நீ எனக்குச் சொல்றியா? கம்முனு ஸ்பேனரைத் தொடைடா."

"நான் சொல்றது தப்புன்னா நாளைக்கே ஊருக்குப் பூடறேன்!"

நடுத்தெருவில் சொல்லிவிட்டேன். வண்டிக்குக் கீழே படுத்து, சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கிளாம்பை அவிழ்த்துக் குழாயை இறக்கினேன். "இப்ப ஸ்டார்ட் அடிங்க!" என்றேன் மேஸ்திரியிடம். இன்ஜின் போட்ட கூச்சலில் தெருவே வெளியே ஓடிவந்தது. இறக்கிய குழாயைக் கம்பியால் குத்தினால், தேங்காய் நார்! களிமண்ணோடு பிசைந்து கெட்டித்த நார், அரைக்கூடை!

ஐயங்கார் மெதுவாகத் திரும்பி வாசற்படியைப் பார்த்தார். அங்கே அவர் சம்சாரம் ஸத்யபாமா மாமி. கையில் மடிக்கோல், அதுதான் மடிப்புடவையைக் கைபடாமல் கொடியில் போடுகிற நீளக் கோல். முனையெல்லாம் கரி.

"ஏண்டி, இது உன் கைங்கர்யமா?"

"தினம் காத்தால இந்தக் கரிப்புகை என் மடியில வந்து படறது. நான் புகையைத்தானே அடைச்சேன்? வண்டியை நானா நிறுத்தினேன்?"

விடுவேனா? ஸ்பேனர் பெட்டிமேல் ஏறி நின்று தெருவுக்கே பாடம் எடுத்தேன். எரிந்த புகை வெளியே போனால்தான் புதுக்காற்று உள்ளே வரும்; இல்லாவிட்டால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு மலை ஏறுகிற மாதிரி. சைலன்சருக்குள் ஓட்டை போட்ட தகடு இருக்குது, புகை அதில் முட்டி மோதித்தான் சத்தத்தைத் தொலைக்குது. வீட்டிலிருந்து கோயிலுக்கு மட்டும் ஓட்டினால் குழாய் சரியாகச் சூடாகாது, உள்ளே தண்ணி நின்னு துரு துன்னுடும். வாரம் ஒருதரம் காணிப்பாக்கம் வரைக்கும் போய்வாங்க. கிளாம்பு ஆடுதா பாருங்க. நடுவுல குழாய் ஓட்டையானா புகை வண்டிக்குள்ளயே வரும், அது விஷம். இப்படி ஒன்று விடாமல் சொன்னேன். காரின் மூக்கு வீட்டையும் புகைக்குழாய் தெருவையும் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். மடியும் பிழைத்தது, காரும் பிழைத்தது. மாமி புளியோதரை கொடுத்தார். மேஸ்திரி அத்தனை பேர் முன்னாடியும் என் தோளில் கைபோட்டு, "இவன் என் ஆளு" என்றார். நைனா, நீகூட ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அம்மாவுக்கு என் கும்பிடு. சினைமாட்டுக்கு என் பேரைச் சொல்லி ஒரு பிடி புல். பஸ் ஏற வேண்டாம் என்று மறுபடி அழுத்திச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
கோயில் தெரு முழுக்கத் தெரிந்த மெக்கானிக்,
சிட்டிபாபு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மூன்று காரைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். திருப்பி நிறுத்தியதில் புகை எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது. எதிர்வீட்டு பாஷ்யம் ஐயங்கார், வேதாந்தம் ஐயங்கார் காரின் குழாயில் வைக்கோலைத் திணித்துவிட்டார். அதைப் பார்த்து மற்ற இரண்டு காரிலும் யாரோ பழந்துணி. "எங்க அடைச்சா வண்டி நிக்கும்னு தெருவுக்கே சொல்லிக் குடுத்துட்டியேடா பாவி" என்று மேஸ்திரி என் டிரங்குப் பெட்டியை வெளியே வைத்துவிட்டார். ஞாயிறு வரைக்கும் தாங்காது, சனிக்கிழமை பஸ்ஸுக்கே வந்துடு. ஆனா நைனா, நான் ஒருதரம்தான் சொன்னேன், அத்தனை பேருக்கும் புரிஞ்சிடுச்சு. நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க யாராலயாவது அது முடிஞ்சுதா?