சிவப்பு வந்தா லீவு

பொண்டாட்டிகூட உக்காந்து நிம்மதியா ஒரு டீ குடிச்சே தீருவேன்னு சபதம் போட்டேன். சிரிக்காதீங்க. ஒரே வூட்ல இருக்கிற எங்களுக்கு அது மலையைத் தூக்குற வேலை.

நான் கோதண்டம், பிள்ளைப்பாக்கத்துக்காரன். வல்லம் வடகால்ல காருக்கு சீட்டு தைக்கிற கம்பெனியில ரெண்டாவது ஷிப்ட். என் சம்சாரம் காவேரிக்கு செல்போன் கம்பெனியில நைட் ஷிப்ட். நான் வூடு திரும்பச்சொல்ல அவ பஸ் ஏறியிருப்பா. காலையில வந்ததும் பாயில விழுவா. வார லீவும் ஆளுக்கொரு நாள். "கேஸை மூடுனியா?"ன்னு அவ அனுப்புற வாய்ஸ் மெசேஜை நாலு தடவை போட்டுக் கேப்பேன். வூட்ல வேற மனுஷக் குரல் கிடையாது.

இந்த லட்சணத்துல கம்பெனி ஃபுட்பால் டீமுக்குப் பேர் குடுத்தேன். வூட்லதான் யாரும் இல்ல, மைதானத்துலயாவது இருபத்தோரு பேர் இருப்பாங்களேன்னு ஒரு நப்பாசை. பிராக்டிஸ் காலையிலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. காவேரி முகத்தைப் பாக்குற கொஞ்ச நேரமும் போச்சு. விலகலாம்னா சூப்பர்வைசர் தொலைச்சுடுவார்.

கோச் சுடலைக்கண்ணு, திருநெல்வேலிப் பக்கம். எல்லாருக்கும் வாட்ச் மாதிரி ஆளுக்கொரு பட்டை குடுத்தார். காலையில அதைக் கையில கட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் படுக்கணும். நெஞ்சு நிலவரம் அவர் போனுக்குப் போயிடும்.

"அண்ணாச்சி, நெஞ்சு களைச்சுக் கிடந்தா ஒரே சீரா அடிக்கும். தெம்பா இருந்தா துடிப்புக்குத் துடிப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பச்சை காட்டுனா ஓட்டம். சிவப்பு காட்டுனா வீட்டுல ரெஸ்ட் எடுங்க."

ஒழுங்கா அடிச்சா ரிஜெக்ட், முன்னப்பின்ன அடிச்சா ஓகே! என் சர்வீஸ்ல இப்படி ஒரு குவாலிட்டி செக்கைப் பாத்ததில்ல. ஓட்டம்னா சும்மா ஓட்டமா? முழு வேகத்துல அந்தக் கோடு, திரும்பி இந்தக் கோடு, மூச்சு வாங்கறதுக்குள்ள மறுபடி அந்தக் கோடு. ஆக்சிஜன் போதாம தசை உழைக்கிற பயிற்சியாம். எனக்கு அதுல ஆக்சிஜன் போதாத பாகம் மட்டும் பிரமாதமா வந்துச்சு.

அப்பதான் மூளை வேலை செஞ்சுது. ராத்திரி பூரா நின்னுக்கினே வேலை பாத்துட்டு வர்றா காவேரி. அவ தூங்கினதும் பட்டையை அவ கையில கட்டினா சிவப்பைத் தவிர வேற என்ன வரும்?

சிவப்பேதான் வந்துச்சு! கோச் லீவு குடுத்துட்டார். ஓடிப்போய் டீ போட்டேன். அவ எழுந்திருக்கல. இருமினேன். டம்ளரைத் தட்டினேன். கடைசியில தட்டைக் கீழ போட்டேன்.

"இன்னாய்யா அது?"

"டீ போட்டுருக்கேன்மே. வா, பேசிக்கினே குடிக்கலாம்."

"தூங்கினுகீறவளுக்கு டீ எதுக்கு? நீ மைதானத்துக்குப் போவல?"

"பட்டையில சிவப்பு வந்துடுச்சு"ன்னு ஆரம்பிச்சு, பேச ஆள் கிடைச்ச சந்தோஷத்துல சிவப்பு, பச்சை, துடிப்பு எல்லாத்தையும் விளக்கினேன். யார் கையில கட்டினேன்னு மட்டும் சொல்லல. அவ மணிக்கட்டைத் தடவிக்கினே "ஓகோ"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தா. அந்த ஓகோவுக்கே நான் பயந்திருக்கணும்.

மறுநாளும் அவ கையில கட்டினேன். பச்சை! "அண்ணாச்சி, காளை கணக்கா இருக்கீய!"ன்னு கோச் ஓட விட்டார். தின்ன இட்லி திரும்பி வந்துச்சு. அதுக்கு மறுநாளும் பச்சை. புருஷன் கை பட்டதும் அவ நெஞ்சு குளிருது போலன்னு நினைச்சு, முட்டி வலியோட நான் பூரிச்சுப் போனேன்.

அடுத்த நாள் அவ கையில பட்டையைக் கட்டிக்கிட்டிருக்கேன். மூடின கண்ணைத் திறக்காம சொன்னா:

"லூசா கட்டுய்யா. இறுக்குது."

எனக்கு உசிரே போச்சு.

"நீ... தூங்கலியா?"

"மூச்சை மெள்ள இழுத்து மெள்ள வுட்டா பச்சை வரும்னு எங்க லைன்ல வேலை பாக்குற வேல்விழி சொன்னா. சரியாத்தான் கீது."

"ஏன்மே இப்படிப் பண்ண?"

"நீ வூட்ல இருந்தா நான் எப்பிடித் தூங்கறது?"

எனக்குப் பொங்கிடுச்சு. "உங்கூடப் பேசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? சுவத்தோட பேசினு கீறேன்டி. எனக்கு வேற யாரு இருக்கா?"

அவ எழுந்து உக்காந்தா.

"சரி மாமா. நாளைக்கு உன் கையிலேயே கட்டு. நெஜமா சிவப்பு வரட்டும். நான் தூங்காம உக்காந்து மனசுல இருக்கிறதெல்லாம் பேசறேன். அம்மன் மேல சத்தியம்."

மாமா! கல்யாணமான புதுசுல கூப்பிட்டது. சிவப்பு வந்தே ஆகணுமே. அன்னைக்கு ராத்திரி நான் கண்ணையே மூடல. பாத்திரம் கழுவினேன், துணி மடிச்சேன், ஃபேனைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

காலையில பட்டை ரத்தச் சிவப்பு. "உடம்பைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி"ன்னு கோச்சே பயந்துட்டார்.

காவேரி வந்தா. யூனிஃபார்ம்கூட மாத்தல. டீ போட்டுக் கொண்டாந்து, பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"மாமா, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

சுவத்துல சாஞ்சு, காதைத் தீட்டிக்கிட்டேன்.

"யோவ், எந்திரி! ஷிப்டுக்கு நேரமாச்சு!"

எழுந்தேன். டீயில ஆடை படிஞ்சிருந்துச்சு. அவ தூங்கி எழுந்து முகம் கழுவி பளிச்சுன்னு நிக்கிறா.

"பேசறேன்னியே!"

"பேசினேனே. ஒரு மணி நேரம் பேசினேன். நடுவுல அழுதேன்கூட. நீதான் குறட்டை வுட்ட."

"ஐயோ, இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு காவேரி!"

தெருமுனையில கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுது. டிபன் பாக்ஸை என் கையில குடுத்து வாசலுக்குத் தள்ளினா.

"பேசறேன்னுதான் சத்தியம் பண்ணேன். ரெண்டு தபா பேசறேன்னா சொன்னேன்?"