கேஸ்தான் போயிருக்கும்

கேட்காமலே வைத்தியம் சொல்கிறவர்கள் நாட்டில் நிறைய. தலைவலிக்குச் சொல்கிறவர்களையும் முடி உதிர்வதற்குச் சொல்கிறவர்களையும் விட்டுவிடலாம், அவர்கள் அப்பாவிகள். இங்கே பேசப்போவது இயந்திரங்களுக்கு நாடி பிடிக்கும் இனத்தைப் பற்றி. மூடியைத் திறக்க மாட்டார்கள், திருகாணியைத் தொட மாட்டார்கள், ஆனால் வியாதி என்னவென்று நொடியில் சொல்லிவிடுவார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். அலுவலகத்தில் இருவர் நிச்சயம்.

அப்படி ஒருவர் இன்சூரன்ஸ் அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்தார். ஜெராக்ஸ் மெஷின் முனகினால் எழுந்து வந்து அதன்மேல் காதை வைத்து, கண்ணை மூடி, "ரோலர்" என்பார். லிஃப்ட் நின்றால் "கயிறு" என்பார். பிறகு சரிசெய்ய வருகிறவன் வேறெதையோ மாற்றிவிட்டுப் போவான். அதை யாரும் அவர் காதில் போடுவதில்லை. ஸ்டெதஸ்கோப் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அதை மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அவருடைய கார் ஏசியிலிருந்து ஒரு நாள் வெதுவெதுவென்று காற்று வந்தது. உள்ளங்கையைக் காட்டினார். மூன்று விநாடி. முடிந்தது பரிசோதனை.

"கேஸ்தான் போயிருக்கும்."

பக்கத்து இருக்கையிலிருந்த மனைவி, "ஏங்க, வண்டி ஓடும்போது சில்லுன்னுதானே வருது? எங்கயாவது நின்னாத்தானே சுடுது?" என்றார்.

"கேஸ் குறைஞ்சா அப்படித்தான், மூச்சு வாங்கும். உனக்கு இதெல்லாம் புரியாது."

எது மூச்சு வாங்கும், எதற்காக வாங்கும் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷக் குடித்தனம் கற்றுக்கொடுத்த பொறுமை அது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், குழாயோடு கூடிய கேஸ் டப்பா ஒன்றை வாங்கி வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தாமே ஏற்றினார். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தது. அச்சடிக்கிறவனுக்கு என்ன தெரியும்? முழு டப்பாவையும் காலி செய்தார். அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டி சுமாராகக் குளிர்ந்தது. போன உயிரை மீட்டுக் கொடுத்தவர் போல மனைவியைப் பார்த்தார். சாயங்காலமே குளிராகத்தான் இருந்தது என்பதை மனைவி சொல்லாமல் விட்டார்.

அந்த வாரம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மருமகனுக்குக் கப்பலில் வேலை; அவன் நடுக்கடலில் இருந்தான். ஆகவே மகளையும் பிறந்து ஐந்தே நாளான பேத்தியையும் வீட்டுக்கு அழைத்துவரும் பொறுப்பு தாத்தாவுடையது. உச்சி வெயிலில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினார்கள். பாதி வழியில் ரயில்வே கேட் விழுந்தது.

முன்னால் லாரி, பின்னால் பஸ். ஏசியிலிருந்து அடுப்படிக் காற்று அடித்தது. கண்ணாடியை இறக்கினால் லாரிப் புகை. குழந்தை முகம் சிவந்து, மூச்சு விடாமல் கத்தியது.

"அப்பா, ஏசியைப் போடுங்கப்பா!"

"போட்டுத்தாம்மா இருக்கு."

"சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

மகள் துப்பட்டாவால் குழந்தைக்கு விசிறினாள். மனைவி ஆஸ்பத்திரி ஃபைலால் விசிறினார். எதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிற மனுஷர் அந்தப் பத்து நிமிஷமும் ஏசிக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார்.

மறுநாள் காலை மனைவி தாமாகவே காரில் ஏறி உட்கார்ந்தார்.

"ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்க. நாளன்னிக்குப் பாப்பாவைத் தடுப்பூசிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மெக்கானிக் காதை எங்கேயும் வைக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "நிக்கும்போது மட்டும் சுடுதா, ஓடும்போதுமா?"

"கேஸ்..." என்று ஆரம்பித்தார் நம்மவர்.

"நின்னாத்தான்" என்றார் மனைவி.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, ஏசியைப் போடச் சொல்லி, முன்பக்கம் கையைக் காட்டினார். "இதோ பாருங்கம்மா, இந்த ஃபேன் சுத்தவே இல்ல. வண்டி ஓடினா எதிர்காத்து இது வேலையைப் பாத்துக்கும். நின்னுட்டா சூட்டை வெளிய தள்ள ஆள் இல்ல. மோட்டார் போயிடுச்சு, மாத்திடலாம்."

அப்புறம் மீட்டரை மாட்டிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். "கேஸ் யார் சார் ஏத்தினது?"

"ஏன், குறைச்சலா இருக்கா?"

"குறைச்சலா? வயிறு முட்ட ஏத்தி வச்சிருக்காங்க. அதனாலதான் கம்ப்ரஸர் வேற அப்பப்ப நின்னு போவுது. மொத்தத்தையும் எடுத்துட்டு அளவா போடணும்."

"தெரிஞ்சவர் ஒருத்தர்... அவர்தான்..."

"அவர்கிட்ட இனிமே போகாதீங்க சார்."

"போகமாட்டோம்" என்றார் மனைவி, சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே.

தடுப்பூசி நாளன்று அதே கேட் மறுபடியும் விழுந்தது. காருக்குள் ஜில்லென்றிருந்தது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு தூங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அதன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் தெரியாத எதிலும் வாயைக் கொடுப்பதில்லை என்று தமக்குத் தாமே உறுதி எடுத்துக்கொண்டார். மனதாரத்தான் எடுத்தார். சந்தேகமே வேண்டாம்.

திங்கட்கிழமை பதினொரு மணி வரை அது தாக்குப்பிடித்தது. பதினொன்றுக்குக் கேஷியர் வந்து, "சார், என் வண்டியிலயும் ஏசி சரியா வரல. கேஸா இருக்குமோ?" என்றார்.

"கேஸா?" நம்மவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான்யா, விவரம் தெரியாம கேஸ் கேஸ்ம்பாங்க. ஃபேன்! கண்ணை மூடிட்டு மாத்து."

கேஷியர் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார். அவர் வண்டியில் போயிருந்தது கேஸ்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: அந்த அம்மாள் "நின்னாத்தானே சுடுது" என்று சொன்ன இடத்திலேயே, "அட, இது ஃபேன்தான்" என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, வண்டியைக் கண்ணால் பார்த்தீர்களா நீங்கள்?