நில அதிர்ச்சியை நேரில் கண்டவர்

எங்கே நிலம் நடுங்கினாலும் அதைத் தன் காலடியில் உணர்ந்துவிடுகிற ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். நடுங்கும்போது அல்ல. பேப்பர் வந்த பிறகு.

நெய்வேலி பதினோராம் பிளாக்கில் எங்களுக்கு வாய்த்தவர் சங்கரலிங்கம், ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், வட மாவட்டங்களில் விடியற்காலை லேசான நில அதிர்ச்சி என்று பேப்பரில் போட்டிருந்தான். "நம்ம வீட்லயும் டம்ளர் ஆடிச்சு சார்" என்றார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே. மத்தியானம் கேன்டீனில் டம்ளர் பீரோவாகிவிட்டது. சாயங்காலம் பீரோ, கட்டில், சுவர் எல்லாம் சேர்ந்து ஆட, மனைவி தமயந்தியையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, கடைசியாகத் தானும் புகுந்திருந்தார். தமயந்தி வாயே திறக்கவில்லை. அன்று விடியற்காலையில் அவர் விட்ட குறட்டை அவளுக்குத்தானே தெரியும்?

கடலூரிலிருந்து ஒரு நிருபர் வந்தார். பத்து வீட்டில் கேட்டார். பத்து வீட்டிலும் "ஒண்ணும் தெரியலீங்க" என்றார்கள். ஒன்றும் தெரியாதவர்களைப் பேப்பரில் போட முடியுமா? பதினோராவது வீட்டில் சங்கரலிங்கம் நாற்காலி போட்டு உட்கார்த்திவைத்து, "பூமி அலை மாதிரி எழும்பிச்சு, எழுதிக்குங்க" என்றார். மறுநாள், 'நெய்வேலி குலுங்கியது; குடும்பம் உயிர் தப்பியது.' கூடவே போட்டோ: காலண்டர் மாட்ட அவரே ஆணியடித்து உண்டாக்கிய வெடிப்பை அவரே விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

பேப்பர் தென்காசி வரை போகும் என்று அவர் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் மாமனார் அய்யாசாமி வாசலில் நின்றார். முகம் வழிக்கவில்லை. பேரப்பிள்ளைகளின் கை கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பேப்பரப் பாத்ததுலேருந்து சோறு எறங்கல மாப்ளே. உங்க அத்தை அழுதுக்கிட்டே கெடக்கா. பிள்ளையள ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்."

அந்த நேரம் பார்த்து ஜன்னல் கண்ணாடி கடகடவென்றது. பேப்பரை மூன்று தடவை படித்திருந்த அய்யாசாமி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேஜைக்கடியில் புகுந்துவிட்டார்.

"சுரங்கத்துல வெடி வைக்காங்கப்பா. வழக்கமா வைக்கதுதான்" என்றாள் தமயந்தி. அவர் வெளியே வரவில்லை. பேத்தியின் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் சங்கரலிங்கத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. குனிந்து தரையில் உட்கார்ந்தார்.

"வெளிய வாங்க மாமா. அன்னைக்கு இங்க ஒண்ணும் ஆடல. நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அய்யாசாமி மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தார். பிறகு மகளிடம் திரும்பி, "சோத்தப் போடுளா" என்றார்.

இரண்டு நாள் இருந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த வாரம் தமயந்திக்கு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நெய்வேலியில் பூமி குலுங்கியபோது பேரப்பிள்ளைகளைத் தான் எப்படிக் காப்பாற்றினார் என்று அப்பா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். கேட்க நல்ல கூட்டமாம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். ஆனால் போன தடவை எங்கோ நில அதிர்ச்சி என்றதும், "அதானே பார்த்தேன், கட்டில் ஆடிச்சே" என்று வீட்டில் சொன்னீர்கள். எத்தனை மணிக்கு ஆடியது? பேப்பரில் போட்டிருந்த அதே மணிக்கா?