கறிக்கடைக்காரன் வாங்கிய சைவ சீஸ்

மதிப்பும் பாசமும் மிகுந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதி முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் நான் கறிக்கடையை இழுத்து மூடப்போவதாகப் பேச்சு கிளம்பி, அது உன் காதுவரை வந்து, நேற்று நீ பதறிப்போய் போன் செய்தாய் அல்லவா? கடையில் ஆட்கள் நின்றதால் பேச முடியவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

என் மகள், அதாவது உன் செல்ல மருமகள், கறியை விட்டது உனக்குத் தெரியும். கறிக்கடைக்காரன் மகள் சைவமா என்று கடைத்தெருவே சிரித்தது; நான் கண்டுகொள்ளவில்லை. என்னைக் குடைந்தது வேறு. அதிலிருந்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். கடை விடுமுறையான திங்கட்கிழமை காலையில் மட்டும், நான் சீஸ் வைத்துச் சுட்டுத் தரும் ரொட்டிக்காக மேசைக்கு வருவாள். நாங்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்வது அப்போதுதான். போன வாரம் அந்தத் தட்டையும் தள்ளி வைத்துவிட்டாள்.

"இந்த சீஸ்ல கன்னுக்குட்டி இருக்குப்பா."

"இது பாலும்மா!"

"பால்தான். தயிருக்கு உறைமோர் ஊத்துற மாதிரி சீஸ் உறையறதுக்கும் ஒண்ணு ஊத்துவாங்க. அதை அறுத்த கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிறாங்க. எல்லா சீஸும் அப்படி இல்ல. இது அப்படித்தான்."

எழுந்து போய்விட்டாள். சூடான ரொட்டியோடு நான் மட்டும் நின்றேன். கன்றுக்குட்டி கலக்காத சீஸ் எந்த மூலையில் இருந்தாலும் கொண்டுவராமல் ஓய்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன்.

முதலில் பெரிய கடைக்குப் போனேன். பொட்டலத்தின் பின்னால் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், மகள் சொன்ன அந்த உறைக்கு 'நொதி' என்று போட்டிருந்தது. யார் வயிற்று நொதி என்று போடவில்லை. விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டு, "இது சைவமாம்மா?" என்றேன். "சீஸ் சார், பால்தானே" என்றாள். "அது சரிம்மா, உள்ள கன்னுக்குட்டி வயிறு இருக்கா, இல்லையா?" என்றேன். கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற அம்மாள் தன் கூடையிலிருந்த சீஸை எடுத்து அடுக்கில் திரும்ப வைக்க, அவரைப் பார்த்து இன்னொருவரும் வைக்க, மேலாளர் ஓடிவந்து என் தோளில் கைபோட்டு, வெகு மரியாதையாக என்னை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பொட்டலத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டால் பாட்டு வைத்தார்கள். நான் ஓர் ஆட்டை உரித்து முடிக்கிறவரை பாட்டு ஓடியது. கடைசியாக வந்த ஆள், "நொதின்னா நொதிதான் சார்" என்று வைத்துவிட்டார்.

நான் விடவில்லை. ஊருக்கு வெளியே ஓர் அம்மாள் சொந்தமாக சீஸ் செய்கிறார் என்று பால்காரர் சொல்ல, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். "கன்னுக்குட்டி இல்லாம, பூஞ்சையில எடுத்த உறை ஊத்திச் செய்யறதும் இருக்குங்க. நீங்க ஓட்டல் வெச்சிருக்கீங்களா?" என்றார். "கறிக்கடைங்க" என்றேன். கிண்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "என் மகளுக்குங்க" என்றதும், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டியைச் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதை எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ் நிறையக் கறி. எல்லாவற்றையும் கடைக்கு அனுப்பிவிட்டுத் தேய்த்துக் கழுவினேன். "கல்யாணமான நாள்ல இருந்து கத்துறேன். உங்களைக் கழுவ வைக்க ஒரு கன்னுக்குட்டி வரணுமா?" என்றாள் என் மனைவி. அடுத்தது கத்தி. வீட்டில் கறி படாத கத்தி ஏது? வழக்கமாக வாங்கும் கத்திக்கடைக்குப் போய், "கறியே வெட்டக் கூடாத கத்தி ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தொழிலை விட்டுட்டீங்களாண்ணே?" என்று கண் கலங்கினார். உன் வீடுவரை வந்தது அந்தப் பேச்சுதான்.

இன்று காலை அவள் கண்ணெதிரே வெட்டி, புதுச் சட்டியில் சுட்டு வைத்தேன். "செய்யிற அம்மாகிட்டயே கேட்டேன். கன்னுக்குட்டி இல்ல" என்றேன். "நீங்களே போனீங்களாப்பா?" என்று என்னையே பார்த்தாள். சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். பாடம் நடத்தும்போதே தூங்கிவிடும் வாத்தியாரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். தட்டு காலியான பிறகும் எழுந்து போகவில்லை, அக்கா. எனக்கு அது போதும். எடுத்த காரியம் முடிந்தது.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரத் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நான் கொடுத்துவிட்டு வந்த எண்ணுக்கு சீஸ் அம்மாள் இப்போதுதான் போன் செய்தார். "மன்னிச்சுக்கங்க, கட்டி மாறிப்போச்சு. உங்ககிட்ட வந்தது கன்னுக்குட்டி போட்டது" என்றார். "வாயைத் திறக்காதீங்க, தின்னு செரிச்சாச்சு" என்றாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. மகள் அறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேப்பா" என்றாள். "தெரியாட்டியும் அது கன்னுக்குட்டிதானேம்மா" என்றேன். கதவை அகலத் திறந்துவிட்டாள். அப்புறம், "நாளைக்கு நானும் வர்றேன். ரெண்டு பேருமாப் போய் மாத்திட்டு வரலாம்" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் தனக்குத்தான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.